பயணிகள் விமானமா, சரக்கு விமானமா? டிக்கோயாவிலிருந்து ஒரு கேள்வி

டிக்கோயா தம்பி

எல்லோருக்கும் வணக்கம். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 31. நான்கு வருடங்களாக ஒரு பயணிகள் நிறுவனத்தில் ஏர்பஸ் ஏ320 துணை விமானியாக இருக்கிறேன். கையில் 2,700 மணித்தியாலங்கள். இப்போது வெளிநாட்டுச் சரக்கு நிறுவனம் ஒன்று போயிங் 747 துணை விமானியாக வரச் சொல்லி அழைத்திருக்கிறது. பதில் சொல்ல ஒரு மாதம் அவகாசம்.

சம்பளம் அங்கே கூடுதல். ஆனால் என்னை யோசிக்க வைப்பது அது இல்லை. அங்கே 17 நாள் வேலை, 13 நாள் வீடு. இங்கே ஸ்டான்ட்பை நாட்களில் கூப்பிட்டால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய் நிற்க வேண்டும். டிக்கோயாவிலிருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்காவுக்கு வர நல்ல நாளில் ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். மண் சரிந்தால் கணக்கே கிடையாது. அதனால் நானும் மனைவியும் நீர்கொழும்பில் வாடகை வீட்டில், அம்மா மலையில் தனியாக. ஓய்வு நாள் ஒன்றிரண்டாகத்தான் வருகிறது. ஒரு நாள் ஓய்வுக்கு மலை ஏறி இறங்க முடியாது. போன வருடம் முழுவதும் அம்மாவோடு இருந்தது 19 நாள். நாட்காட்டியைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று என்னை இழுக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு சப்தகன்னி மலையில் மோதிய மார்ட்டின்ஏர் டிசி-8 பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கொழும்பில் இறங்க வந்த விமானம். எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்துவிட்டார்கள். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மறுநாள் மலையேறிப் போனவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கும் அந்த டயரைக் காட்டி, "அத்தன பேரும் நம்பித்தானே ஒக்காந்திருப்பாங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. நம்பி உட்கார்ந்தவர்களைப் பத்திரமாக இறக்க வேண்டும் என்றுதான் நான் விமானியானேன். பின்னால் ஆளே இல்லாத விமானத்தை நினைத்தால் மனதுக்குள் ஏதோ குறைகிறது.

இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை 747

தம்பி, ஆறு வருடம் பயணிகள், அப்புறம் பதினொரு வருடம் சரக்கு. இப்போது கப்டன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பின்னால் ஆள் இல்லைதான். ஆனால் உயிர் இல்லாமல் இல்லை. பந்தயக் குதிரைகளை ஏற்றினால் அவற்றைப் பராமரிப்பவர்களும் கூடவே வருவார்கள். திரும்பும்போது மெதுவாகத் திரும்பு, இறங்கும்போது மெதுவாக இறங்கு என்று கேட்டுக்கொள்வார்கள். ஒரு நாள் வயதான கோழிக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வரும். நடுவானில் நடந்து போய்ப் பார்த்தால் அட்டைப் பெட்டிகளிலிருந்து ஒரே கீச்சொலி, அந்தத் தளத்தில் மட்டும் ஒரு கதகதப்பு. 2020இல் உலகத்துப் பயணிகள் விமானங்கள் எல்லாம் ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நின்றபோது முகக்கவசமும் மருந்தும் கொண்டு போனது நாங்கள். அந்த வருடம் பயணிகள் பக்கம் என் கூட்டாளிகள் பலர் வேலையிழந்தார்கள். எங்கள் பக்கம் ஆள் தேடினார்கள். ஆகவே மனக்குறை வேண்டாம்.

வேறொன்றைப் பற்றித்தான் நீ யோசிக்க வேண்டும். இரவு.

சரக்கு ஏன் இரவில் பறக்கிறது? பகலில் கடையும் தொழிற்சாலையும் பொதியைக் கட்டிக் கொடுக்கும். இரவில் அது ஒரு மையத்துக்கு வந்து, பிரிபட்டு, விடிவதற்குள் வேறு ஊருக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மெம்பிஸ், லூயிவில், ஜெர்மனியின் லைப்சிக் எல்லாம் நள்ளிரவில்தான் விழித்திருக்கும் விமான நிலையங்கள். அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மனித உடம்பு தூங்கத்தான் கேட்கும். எத்தனை வருடம் பழகினாலும் கேட்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆசியாவிலிருந்து முழுப் பாரத்தோடு அமெரிக்கா போகும்போது எரிபொருளுக்காக அலாஸ்காவின் அங்கோரேஜில் இறங்குவோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் உடம்புக் கணக்கில் அதிகாலை நாலு மணி. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒரு உயரம் சொன்னார். துணை விமானி அதைத் திருப்பிச் சொன்னார். என் காதில் விழுந்தது. இரண்டு விநாடி கழித்து அந்த எண் எனக்கு ஞாபகமில்லை. நான் தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். உடனே அவரிடம் மறுபடி கேட்டு, கையால் எழுதி வைத்தேன். அன்றிலிருந்து இரவு இறக்கத்தில் எல்லா எண்ணையும் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். வாட்டுமாடியில் வாடிய கொழுந்தை நடுநிசிக்கு மேல் ரோலரில் போடுவார்கள். காலையில் வந்து ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பார். அம்மா எங்களை வெளியே துரத்துவார். அந்த லயத்து அறையில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலும் கேட்கும். அப்பா முப்பது வருடமும் அரைத் தூக்கம்தான் தூங்கியிருக்கிறார் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

ஆகவே ஒரு பரீட்சை வைத்துப் பார். ஒரு வாரம் லீவு எடு. இரவெல்லாம் விழித்திரு. காலை எட்டரைக்குப் படு. எத்தனை மணித்தியாலம் உண்மையாகத் தூங்கினாய் என்று எழுது. ஏழாம் நாளும் நாலு மணித்தியாலத்தைத் தாண்டாவிட்டால் இந்த வேலை உனக்கு வேண்டாம், எவ்வளவு சம்பளம் தந்தாலும்.

இன்னொன்று: அவர்கள் எந்த நாட்டுச் சட்டத்தில் பறக்கிறார்கள் என்று கேள். ஐரோப்பியச் சட்டத்தில் சரக்கு, பயணிகள் என்ற பேதமில்லை. 28 நாளில் 100 மணித்தியாலம், வருடத்தில் 900 என்று எல்லை ஒன்றுதான். அமெரிக்காவில் 2014 ஜனவரியில் வந்த புதிய ஓய்வுச் சட்டம் சரக்கு விமானிகளை வெளியே விட்டுவிட்டது. அதற்குச் சில மாதம் முன்னால்தான், 2013 ஆகஸ்ட் 14 விடியற்காலையில், அலபாமாவின் பேர்மிங்ஹாமில் யூபிஎஸ் என்ற சரக்கு நிறுவனத்தின் ஏ300 விமானம் ஒன்று ஓடுபாதைக்கு எட்டாமல் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். விசாரணையில் களைப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். பின்னால் பயணி இல்லை என்பதற்காக விமானிக்குத் தூக்கம் குறைவாகப் போதுமா?

பதுளைக் கப்டன்

தலவாக்கலை அண்ணன் சொன்ன இரவுக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். நான் இருபது வருடமாகப் பயணிகள் பக்கம், இப்போது ஏ330. தம்பி, வீட்டுப் பாசத்தில் தொழிலை மறந்துவிடாதே.

முதலில் விமானம். கடைசி 747 கட்டி முடித்து 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் என்ற சரக்கு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1,574 விமானங்களோடு அந்த உற்பத்தி வரிசை மூடப்பட்டது. அருமையான விமானம், மூக்கைத் தூக்கி நீளமான சாமானையும் விழுங்கும், இன்னும் பல வருடம் பறக்கும். ஆனால் உனக்கு 31. ஓய்வுக்கு 34 வருடம் இருக்கிறது. ஏ320 ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, இருந்தால் உலகத்தில் எந்த மூலையிலும் கதவு திறக்கும்.

இரண்டாவது, கைப்பழக்கம். நீ இப்போது ஒரு நாளில் இரண்டு, சில நாள் நாலு தடவை இறக்குகிறாய். நெடுந்தூர 747இல் மூன்று நாலு விமானிகள் மாறி மாறி உட்காருவீர்கள். மாதத்தில் உன் கையில் விழும் இறக்கம் சொற்பம். 90 நாளில் மூன்று இறக்கம் என்ற கட்டாயத்தை நிறைவேற்றவே சிமுலேட்டருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஏ320இல் இன்னும் சில வருடத்தில் கப்டனின் இடது இருக்கைக்கு வந்துவிடுவாய். அதை விட்டுவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கப் போகிறாய். சீனியோரிட்டி என்பது கூடவே எடுத்துப் போக முடியாத சொத்து.

மூன்றாவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன மாசி மாதம் வளைகுடாவிலிருந்து ஒரு இரவுப் பயணம். இறங்குவதற்கு முன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசிவிட்டுத் தமிழிலும் இரண்டு வரி சொன்னேன், எப்போதும் சொல்வதுதான். கதவருகே நின்றபோது ஒரு அம்மா நின்றுவிட்டார். பசறைப் பக்கம். ஆறு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு முதல் தடவையாகத் திரும்பி வருகிறார். "நம்ம பாசையில வீடு வந்திருச்சுன்னு சொன்னீங்களே ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நூறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. உன் தாத்தா சொன்ன அந்த நம்பிக்கையை நான் அன்று நேரில் பார்த்தேன். இதைச் சரக்குத் தளத்தில் தேடினால் கிடைக்காது.

கட்டுநாயக்கா கார்கோ (சொந்த ஊர் லிந்துலை)

நான் விமானி இல்லை. சாமான் ஏற்றுகிறவன். ஆனாலும் சொல்கிறேன்.

டிக்கோயா அண்ணா, நீங்கள் இப்போதும் சரக்கு விமானிதான். மாலே போகும் விமானத்தின் வயிற்றுக்குள் பார்த்திருக்கிறீர்களா? நுவரெலியா லீக்ஸ், கரட், கோவா எல்லாம் மாலைத்தீவுக்கு அதில்தான் போகிறது. உலகத்தில் விமானத்தில் போகும் சரக்கில் பாதிக்குக் கிட்ட பயணிகள் விமானத்தின் அடியில்தான் போய்க்கொண்டிருந்தது, கொரோனாவுக்கு முன்னால். எடையில் பார்த்தால் உலக வாணிபத்தில் ஒரு வீதம் கூட வராது, பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரண சாமானை யாரும் விமானத்தில் அனுப்புவதில்லை.

பயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீ. பயணிகள் விமானத்தின் அடியறையில் தீயை அணைக்க ஹேலன் வாயு இருக்கிறது. சரக்கு விமானத்தின் மேல் தளத்தில் பெரும்பாலும் அது இல்லை. காற்றோட்டத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, ஒட்சிசனைக் குறைத்துத் தீயை அடக்கப் பார்ப்பதுதான் முறை. 2010 செப்டம்பர் 3 துபாயிலிருந்து புறப்பட்ட யூபிஎஸ் 747இல் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்தது. கொக்பிட் முழுக்கப் புகை, கருவிகளைக்கூடப் பார்க்க முடியவில்லை. திரும்பி வந்தும் இறக்க முடியாமல் இரண்டு விமானிகளும் இறந்து போனார்கள். 2016 ஏப்ரலிலிருந்து தனியாகப் பொதி செய்த லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. அப்படியானால் அது எங்கே போகும்? சரக்கு விமானத்துக்குத்தான்.

இன்னொன்று, கட்டு. 2013 ஏப்ரல் 29 ஆப்கானிஸ்தானின் பக்ராமில் 747 ஒன்று ஏறும்போதே உள்ளே இருந்த கவச வாகனம் பின்னால் நகர்ந்து விமானம் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். சாமான் அடுக்கிய ஒவ்வொரு பலகையின் பூட்டையும் காலால் உதைத்துப் பார்ப்பேன், வலையின் பட்டியைக் கையால் இழுத்துப் பார்ப்பேன். சில விமானிகள் இறங்கி வந்து தாங்களும் இழுத்துப் பார்ப்பார்கள். சிலர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். நீங்கள் போனால் இறங்கி வருகிறவராக இருங்கள்.

பண்டாரவளை வீடு

என் கணவர் சரக்கு விமானி. ஒன்பது வருடம். விமானிகள் பேசிவிட்டீர்கள், வீட்டிலிருந்து நானும் பேசுகிறேன்.

13 நாள் வீடு என்பது 13 இல்லை. வந்து முதல் இரண்டு நாள் அவர் எங்கள் நேரத்துக்கு வரவே மாட்டார். பகல் பன்னிரண்டுக்கு எழுந்து இரவு சோறு கேட்பார். பிள்ளைகளுக்கு "அப்பா வந்துட்டார், ஆனா இன்னும் வரல" என்று சொல்லிப் பழகிவிட்டது. தம்பி, ஒன்றை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: போகும் நாளும் வரும் நாளும் யாருடைய கணக்கு? எங்களுக்கு அது ஓய்வு நாளில்தான் கழிகிறது. விமானம் பிந்தி 17 நாள் 19 ஆனால் மீதிக்கு என்ன தருவார்கள்? அதையும் கேளுங்கள். அவருடைய முதல் நிறுவனத்தில் இதைக் கேட்காமல் போய் இரண்டு தீபாவளி இழந்தோம்.

ஆனால் அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் முழுமையாக இருக்கிறார். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது அவர், மத்தியானம் போய் நிற்பதும் அவர். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு அக்கா அவருக்கு வேலை போய்விட்டதென்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார்! என் தங்கையின் கணவர் பயணிகள் விமானி, கொழும்பில். மாதத்தில் பல இரவு வீட்டில் தூங்குகிறார். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் போகிறவர், மாலையில் வந்து படுக்கிறவர், பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கணக்குச் செய்ய நேரமில்லை. நாளை எண்ணாதீர்கள். எந்த நாள் முழு நாள் என்று பாருங்கள்.

உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதினீர்கள், அவரைப் பற்றி அரை வரிதான் இருக்கிறது. 17 நாள் அந்த மலையில் மாமியாரோடு இருக்கப் போவது அவர்.

பொகவந்தலாவை மாணவி

பெரியவர்கள் பேசும்போது இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். உயர்தரம் பௌதிக விஞ்ஞானம் படிக்கிறேன். கண்ணாடி போடுகிறேன். விமானியாக முடியுமா? நேராகச் சரக்கு விமானத்துக்குப் போக முடியுமா?

பதுளைக் கப்டன்

முடியும் மகள். கண்ணாடியோடு பார்வை அளவுக்கு வந்தால் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தச் சோதனையைச் செய்துகொள், பின்னால் இல்லை. வணிக விமானி உரிமத்துக்கு வயது 18. ஆங்கிலம் நாலாம் நிலையாவது வேண்டும். செலவு பெரிது, தோட்டத்துப் பிள்ளைக்கு அது மலைதான், மறைக்க மாட்டேன். பெரிய சரக்கு விமானங்களுக்குப் பொதுவாக அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள். முதலில் சின்ன விமானம், அப்புறம் மற்றது.

தலவாக்கலை 747

பதுளைக் கப்டன் சொன்ன 747 விஷயம் சரி. நானே அடுத்த சில வருடத்தில் 777க்கு மாற வேண்டியிருக்கும். தம்பி, மூன்றாவது வழியும் உண்டு. வளைகுடாவின் பெரிய நிறுவனங்களில் 777 விமானிகள் ஒரே ரேட்டிங்கில் பயணிகளையும் ஓட்டுகிறார்கள், சரக்கையும் ஓட்டுகிறார்கள். இந்த வாரம் முந்நூறு பேர், அடுத்த வாரம் நூறு தொன். ஆனால் குடும்பத்தோடு அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். உன் அம்மா தேயிலைச் செடியை விட்டு வருவாரா என்பது உனக்குத்தான் தெரியும்.

உன் தாத்தா பார்த்த அந்த டிசி-8 இருக்கிறதே, அதுவே ஆளும் சாமானும் மாற்றி மாற்றி ஏற்றக்கூடிய ரகம். அதை ஓட்டியவர்கள் இரண்டுக்கும் ஒரே வரைபடத்தைத்தான் விரித்திருப்பார்கள்.

டிக்கோயா தம்பி (மூன்று வாரம் கழித்து)

பதில் சொல்ல நாளாகிவிட்டது. பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன்.

லீவு போட்டு டிக்கோயா வீட்டில் ஏழு நாள் இருந்தேன். இரவெல்லாம் விழித்திருந்து பகலில் படுத்தேன். முதல் நாள் 2 மணித்தியாலம் 40 நிமிடம். எட்டரைக்குப் பள்ளிக்கூட வான் ஹார்ன், ஒன்பதுக்கு மீன்காரர், பத்துக்குக் கோயில் ஸ்பீக்கர், அப்புறம் தகரத்தில் மழை. இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் அம்மா ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி அடித்தார், கொழுந்தெடுக்கப் போகும்போது போர்த்திக்கொள்ளும் பழைய கம்பளி. அன்று நாலரை. ஐந்தாம் நாள் ஐந்தே கால். கடைசி இரண்டு நாளும் ஆறைத் தொட்டது. இரவு மூன்று மணிக்கு விமானம் இறங்கும் வழியைக் காட்டும் வரைபடங்களைப் படித்து, எனக்கு நானே கேள்வி கேட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் பிழைகள் நிறைய. கடைசியில் ஒன்றுதான்.

பண்டாரவளை அக்கா, நீங்கள் கேட்கச் சொன்னதை எழுத்தில் கேட்டேன். போகவர இரண்டு நாளும் என் கணக்கில்தான் கழியும். அதிகமாக ஒரு நாள் வேலை செய்தால் கூடுதல் சம்பளம், ஆனால் நாள் திரும்பி வராது. ஆகவே 13 என்பது 11. வருடத்துக்கு 132. தூங்கிக் கழியும் நாட்களையும் விட்டால் நூறுக்குக் கொஞ்சம் மேல். போன வருடம் 19. பறப்பது ஐரோப்பியச் சட்டத்தில்.

மனைவியிடம் கேட்டேன். நீங்கள் எழுதியதை அவளிடமே வாசிக்கக் கொடுத்தேன். அவள் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அது கிடைத்தால்தான் மலைக்கு வருவேன், சும்மா வீட்டில் உட்கார மாட்டேன் என்றாள். போன வெள்ளி கடிதம் வந்தது.

பதுளைக் கப்டன் ஐயா, நீங்கள் சொன்ன மூன்றாவது விஷயம்தான் என்னைக் கடைசி வரை பிடித்து வைத்தது. கையெழுத்துப் போடும்போதும் அந்தப் பசறை அம்மாதான் நினைவில். போட்டுவிட்டேன். அறிவித்தல் காலம் மூன்று மாதம். அதுவரை ஏ320இல் என் எல்லாப் பயணத்திலும் இறங்குவதற்கு முன் தமிழில் இரண்டு வரி பேச அனுமதி கேட்டிருக்கிறேன். நேற்று மாலேயிலிருந்து வரும்போது முதல் தடவை பேசினேன்.

மாணவித் தங்கச்சி, நீர்கொழும்பு வீட்டைக் காலி செய்கிறோம். வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் என்று என்னுடைய பழைய புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஓரத்தில் என் கிறுக்கல்கள் இருக்கும், பரவாயில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹட்டன் ரயில் நிலையத்துக்கு உன் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா. பெட்டி பாரம், இரண்டு பேர் வேண்டும்.